டூ வீல் ஜீப்பை ஃபோர் வீல் ஆக்குவது: பழைய மஹிந்திராவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் ஒருமுறை மாட்டிக்கொண்ட டூ வீல் ஜீப்காரர் அடுத்துக் கேட்பது இதைத்தான்: "இதையே ஃபோர் வீல் ஆக்கிவிட முடியுமா?" அதாவது, பின் சக்கரங்களை மட்டும் எஞ்சின் சுற்றும் வண்டியை நான்கு சக்கரங்களையும் சுற்றும் வண்டியாக மாற்ற முடியுமா என்று. முடியும். மஹிந்திராவின் பழைய பட்டை ஸ்பிரிங் ஜீப்புகள் இதற்கு நல்ல தோதான வண்டிகள். கமாண்டர், மேஜர் போன்றவற்றைக் கம்பெனியே டூ வீலாகவும் ஃபோர் வீலாகவும் விற்றிருக்கிறது. அடிப்படை அமைப்பு வில்லிஸ் சி.ஜே.3பி என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. அதனால் உடம்பு துருப்பிடித்துப் போன ஒரு ஃபோர் வீல் ஜீப்பின் வயிற்றைப் பிரித்து, நல்ல உடம்புள்ள டூ வீல் ஜீப்புக்கு மாற்றுவது ஒர்க்‌ஷாப்காரர்களுக்குப் புதிய வேலை இல்லை.

ஆனால் பாதியில் நின்றுபோன வண்டிகளையும் ஷெட்டுகளில் நிறையவே பார்க்கலாம். பெரும்பாலும் வெல்டிங்கிலோ ஃபிட்டிங்கிலோ அவை நிற்பதில்லை. முன் ஆக்சில் ஒரு ஊரில், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இன்னொரு ஊரில், கியர்பாக்ஸ் மூன்றாவது ஆளிடம் என்று மலிவாகக் கிடைத்ததை எல்லாம் வாங்கிச் சேர்த்ததில்தான் நிற்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல சரக்கு, சேர்த்து மாட்டினால் ஒன்றோடொன்று ஒத்துவராது. ஆகவே இந்த வேலையின் பாதி, வாங்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒரே வண்டியிலிருந்து முழு செட்டாக வாங்குங்கள். கீழே வருவதில் பலவும் இந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே யோசித்துவிடுங்கள். ஆர்.சி.யில் ஃபோர் வீல் என்றே பதிவான ஒரு நல்ல ஜீப் விலைக்கு வருகிறது, உங்கள் டூ வீல் வண்டிக்கும் நல்ல விலை கிடைக்கிறது என்றால், விற்று வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மாற்றுவது எப்போது லாபம்? உங்கள் வண்டியின் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் நன்றாக இருக்க வேண்டும். அத்துடன் முழு செட்டோடு ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பணம் கரையும்.

முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-இன்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ₹5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம்.

எனவே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வண்டி பதிவான அலுவலகத்துக்குப் போய், மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நேரில் பேசுங்கள். உங்கள் மாடலைக் கம்பெனி ஃபோர் வீலாகவும் விற்றது என்பதற்கு ஏதாவது ஆவணம் இருந்தால் எழுத்து மூலம் கேட்கும்போது அதையும் இணைக்கலாம். பதில் எழுத்தில் வரட்டும். "பார்த்துக்கலாம் சார்" என்கிற வாய்ச்சொல்லை நம்பி இறங்க வேண்டாம். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது அந்தச் சொல் உதவாது. அனுமதி கிடைக்கவில்லையா? அத்தோடு விட்டுவிட்டு, முன்பு சொன்ன விற்று வாங்கும் வழிக்கே திரும்புங்கள்.

எந்தெந்தப் பாகம், ஏன்?

டூ வீல் ஜீப்பில் கியர்பாக்ஸின் பின்னாலிருந்து ஒரே ஒரு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நேராகப் பின் ஆக்சிலுக்குப் போகிறது. முன்னால் இருப்பது வெறும் இரும்பு பீம், அது எடையைத் தாங்கும், திரும்பும், அவ்வளவுதான். ஃபோர் வீலில் கியர்பாக்ஸின் முதுகில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உட்காருகிறது. பழைய மஹிந்திராக்களில் இது வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்த டானா 18 வகை. இதன் முக்கியமான குணம், முன்னுக்கும் பின்னுக்கும் போகும் இரண்டு ஷாஃப்ட்டுகளும் வண்டியின் வலப்பக்கம் தள்ளி, அதாவது நம் ஊரில் ஓட்டுநர் உட்காரும் பக்கத்தில், வெளியே வருகின்றன. அதனால் முன், பின் ஆக்சில்களின் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கும் (ஷாஃப்ட்டின் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் பற்சக்கரங்கள் உள்ள உருண்டைப் பகுதி) வலப்பக்கம் தள்ளியே இருக்கும்.

உங்கள் டூ வீல் வண்டிக்கு அடியில் படுத்துப் பின் ஆக்சிலைப் பாருங்கள். டிஃபரன்ஷியல் நடுவில் இருந்தால் அந்த ஆக்சில் புதிய அமைப்புக்கு உதவாது. ஷாஃப்ட் பக்கவாட்டில் கோணலாக ஓடும், ஜாயின்ட் சீக்கிரம் போகும். ஆக, பின் ஆக்சிலும் மாற்ற வேண்டியதுதான். "முன் ஆக்சிலும் ட்ரான்ஸ்ஃபரும் போதும்" என்று யாராவது சொன்னால், இதை நினைவில் வையுங்கள்.

கியர்பாக்ஸும் அப்படியே. டானா 18 தனியாக ஒட்டிக்கொள்ளும் பெட்டி இல்லை. கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்பக்கம் நீண்டு ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே போய், அங்கே உள்ள டிரைவ் கியரைப் பிடித்துச் சுற்றுகிறது. டூ வீல் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டும் பின் மூடியும் வேறு மாதிரி. கியர்பாக்ஸைப் பிரித்து ஷாஃப்ட் மாற்றலாம் என்றாலும், தேய்ந்த பழைய கியர்களுக்குள் வேறொரு வண்டியின் ஷாஃப்ட்டை நுழைத்தால் சத்தம் வராமல் இருப்பது அதிர்ஷ்டம். கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபரும் பிரியாத ஜோடியாகவே வாங்குவது நல்லது.

ஜோடியாக வாங்கும்போது எஞ்சினையும் பார்க்க வேண்டும். மஹிந்திராவின் எம்.எம்.540 மாடலில் வந்த 2,112 சி.சி. பெஜோ எஞ்சினும் மஹிந்திராவின் எம்.டி.ஐ. டீசல் எஞ்சினும் வேறு வேறு. பெல் ஹவுசிங் துளைகள், கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன், இன்புட் ஷாஃப்ட்டின் நீளம் மூன்றும் உங்கள் எஞ்சினுக்கு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கிளட்ச் பிளேட்டையே கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஜிப்ஸி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போட்டால் என்ன? பலர் கேட்பார்கள். மாருதி ஜிப்ஸியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கும், இடையில் ஒரு குட்டி ஷாஃப்ட் இணைக்கும். அதனால் எந்தக் கியர்பாக்ஸுக்குப் பின்னாலும் அதை வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் 1,300 சி.சி. ஜிப்ஸியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்சிலேயே, அதாவது சாதாரண ஓட்டத்துக்கான நிலையிலேயே, சுமார் 1.4 மடங்கு வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே 5.38 விகித ஆக்சில் (ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) உள்ள டீசல் ஜீப்பில் இதையும் சேர்த்தால் நான்காவது கியரில்கூட எஞ்சின் அலறும், வண்டி நகராது. எனக்கு இதில் சம்மதம் இல்லை.

காயலான் கடையில்

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம், வடக்கே டெல்லியின் மாயாபுரி எல்லாம் பெயர் பெற்ற இடங்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி ஜீப்புகளுக்கென்றே பேர் போன ஊர். ராணுவம் கழித்துக்கட்டும் வண்டிகள் மத்திய அரசின் ஏல நிறுவனமான எம்.எஸ்.டி.சி. வழியாக ஏலத்துக்கு வருவதுண்டு. நம் பக்கத்தில் போடி, மூணாறு, வால்பாறை மாதிரியான மலை ஊர்களின் பழைய மெக்கானிக்குகளிடம் கேட்டு வைத்தால், ஏதாவது எஸ்டேட் ஷெட்டில் பல வருடமாக நிற்கும் வண்டி ஒன்று தகவலாக வரும். என்னைக் கேட்டால் அதுதான் சிறந்த வழி. முழு வண்டியாகக் கிடைக்கும், கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம், பிராக்கெட், லிவர், கேபிள், போல்ட் என்று தனியாகத் தேடினால் கிடைக்காத சில்லறைச் சாமான்கள் எல்லாம் சேர்ந்தே வரும்.

எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். அந்த வண்டியின் பதிவு ரத்தான ஆவணத்தின் நகலும் கேளுங்கள். நம்பர் சுரண்டிய சேஸிஸ் துண்டு எதையும் தொடாதீர்கள்.

வாங்க வேண்டிய செட் இது: ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு கியர்பாக்ஸ், அதன் லிவர்கள், அடியில் தாங்கும் கிராஸ் மெம்பர், ரப்பர் மவுன்டிங், முன் ஆக்சில் வீல் டிரம் வரை முழுதாக, பின் ஆக்சில் அதேபோல், இரண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டீயரிங் ராடுகள், யு போல்ட் தட்டுகள், ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். முன் ஸ்பிரிங் பட்டைகளும் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். டூ வீல் பீமைவிட ஃபோர் வீல் ஆக்சில் நல்ல கனம்.

சோதிக்கும்போது டிஃபரன்ஷியல் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், விடாதீர்கள். அடியில் தேங்கிய ஆயிலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும். விரலில் நறநறவென்று இரும்புத்தூள் தட்டினால் கிரவுன், பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமும் அதைச் சுற்றும் சிறியதும்) பற்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். பல்லின் நுனி உடைந்திருந்தால் அந்த ஆக்சில் வேண்டாம்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸில் அடிமூடியைத் திறந்தால் இன்டர்மீடியட் கியர் தெரியும். கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அதன் ஷாஃப்ட்டும் ஊசி பேரிங்குகளும் தேய்ந்திருக்கின்றன. இந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸில் முதலில் தேய்வது இந்த இடம்தான். இதற்காக நிராகரிக்க வேண்டாம், கிட் போட்டுச் சரிசெய்யலாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஹவுசிங்கில் விரிசலோ வெல்டிங் பூச்சோ தெரிந்தால் மட்டும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

விகிதம்: இங்கே சமரசமே கிடையாது

முன் ஆக்சிலின் விகிதமும் பின் ஆக்சிலின் விகிதமும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். இந்த ஜீப்புகளில் 5.38, 4.88, 4.27 என்று பல விகிதங்கள் புழக்கத்தில் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் ஹவுசிங் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

முன்னால் 5.38, பின்னால் 4.88 என்று வைத்துக்கொள்வோம். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள் ஒரே வேகத்தில் சுற்றும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம் சுற்றப் பார்க்கும். 100 மீட்டர் போவதற்குள் இரண்டு ஆக்சிலுக்கும் 10 மீட்டர் கணக்குத் தவறுகிறது. டானா 18-க்குள் இந்த வித்தியாசத்தை விழுங்க டிஃபரன்ஷியல் எதுவும் இல்லை. சேற்றில் டயர் சறுக்கித் தப்பிக்கும். கெட்டியான தரையில் ஏதாவது ஒன்று முறியும், பெரும்பாலும் ஜாயின்ட் அல்லது ட்ரான்ஸ்ஃபர் கியர்.

எண்ணிப் பார்ப்பது சுலபம். ஆக்சில் தரையில் கிடந்தால் பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஃபிளாஞ்ச் ஐந்து சுற்றும் கூடவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமும் சுற்றினால் 5.38. ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் 4.88. நான்கே கால் என்றால் 4.27. சந்தேகம் இருந்தால் பல்லையே எண்ணிவிடுங்கள்: கிரவுனில் 43, பினியனில் 8 என்றால் 5.38, 39-க்கு 8 என்றால் 4.88, 47-க்கு 11 என்றால் 4.27. ஒரே வண்டியிலிருந்து இரண்டு ஆக்சிலும் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். அந்த வண்டியில் நடுவில் யார் கை வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்?

எந்த விகிதம் நல்லது என்பது உங்கள் எஞ்சினையும் பாதையையும் பொறுத்தது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவது மாதிரியான கல்பாதைக்கு 5.38 சுகம். நெடுஞ்சாலையிலும் ஓட்டுவீர்கள் என்றால் 4.88 அல்லது 4.27 செட் தேடுங்கள்.

நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

முன் ஆக்சிலைத் தரையிலேயே முழுதாகப் பிரித்துக் கட்டுங்கள்

வண்டியில் ஏற்றிவிட்டு "ஓடட்டும், பிறகு பார்க்கலாம்" என்றால் மூன்றே மாதத்தில் கிரீஸ் வழியும், ஸ்டீயரிங் உதறும். ஏற்றும் முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பழைய பிரேக் டிரம்மில் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ராணுவ வண்டியிலிருந்து வந்த சக்கரம் இரண்டு பாதியாகப் போல்ட் போட்ட ரிம்மாக இருந்தால், காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தொடவே கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். பழைய ஆக்சில்களில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகள் இடது மரை. கழலவில்லை என்று நான்கடிக் குழாயை மாட்டி ஏறி மிதிப்பதற்கு முன்னால், ஸ்டட் முனையில் எல் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

சக்கரம், ஹப், ஸ்பிண்டில், ஆக்சில் ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்றினால் நக்கிள் பந்து (சக்கரம் திரும்பும் மூட்டின் உருண்டை முனை) வெளியே வரும். இந்த ஆக்சிலின் உயிரே அதில்தான். உள்ளே ஜாயின்ட் சுழல்கிறது, வெளியே நக்கிள் திரும்புகிறது, இடையில் ஃபெல்ட் சீல் ஒன்று பந்தின் மேல் உரசிக்கொண்டே கிரீஸைத் தடுக்கிறது. பந்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நகத்தை அதன் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அங்கே துருக்குழி. அந்தக் குழி ஒவ்வொரு திருப்பத்திலும் புதிய சீலை அரம் போல அராவும். லேசான குழி என்றால் மெல்லிய எமரி தாளால் தேய்த்துப் பாலிஷ் செய்தால் போதும். ஆழம் என்றால் மெட்டல் பேஸ்ட் வைத்து நிரப்பித் தேய்ப்பவர்களும் உண்டு. எனக்கு நல்ல பந்துள்ள வேறு ஹவுசிங் தேடுவதுதான் திருப்தி.

கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங்குகளை யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். மேலும் கீழும் ஷிம் தகடுகள் இருக்கும், அவற்றைச் சம அளவில் பிரித்துப் போட வேண்டும். சீல் இல்லாமல் நக்கிளைப் பூட்டி, ஸ்டீயரிங் ஆர்மின் முனையில் மீன் கடைக்காரர் வைத்திருப்பது மாதிரியான ஸ்பிரிங் தராசைக் கொக்கி மாட்டி மெதுவாக இழுங்கள். மேனுவல் சொல்லும் எடை அளவில் நக்கிள் சீராகத் திரும்ப வேண்டும். அதற்கும் லேசாகத் திரும்பினால் ஷிம் எடுங்கள், கடினமென்றால் சேருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் தலைகால் புரியாமல் ஆடுகிறதே, அதற்கு மூலகாரணம் பல நேரம் இங்கே விட்ட ஒரு ஷிம்தான்.

வீல் பேரிங்: உள் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். லாக் வாஷர், வெளி நட், வாஷரின் நாக்கை மடக்கிவிடுதல். உளியால் தட்டி இறுக்காதீர்கள், அந்தப் பெரிய நட்டுக்கென்றே குழாய் ஸ்பேனர் கடையில் கிடைக்கும்.

கிரவுன், பினியன் நல்ல நிலையில் இருந்தால் அமைப்பைக் கலைக்க வேண்டாம். பேரிங் மாற்றியே ஆக வேண்டும் என்றால் மட்டும், பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டம்) 0.13 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் வருமாறு டயல் கேஜ் வைத்து அமைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பற்களில் மை தடவிச் சுற்றி, பட்ட தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காதால் கேட்டு அமைப்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு இன்டர்மீடியட் ஷாஃப்ட், ஊசி பேரிங், திரஸ்ட் வாஷர், எல்லா ஆயில் சீலும் புதிதாகப் போடுங்கள். இரண்டு லிவர் உள்ள மாடலில், லோ கியர் முன் ஆக்சில் சேர்ந்த பிறகே விழும்படி ஒரு சின்னத் தடை உள்ளே உண்டு. சுமார் இரண்டரை மடங்காகும் திருகு விசை மொத்தமும் பின் ஆக்சில் தலையில் விழாமல் இருக்கத்தான் அது. பூட்டும்போது அதை மறக்காமல் வையுங்கள்.

வண்டியில் ஏற்றுவது

சமமான தரையில் நிறுத்தி, சேஸிஸை நான்கு கனமான ஸ்டாண்டுகள் மேல் வையுங்கள். ஜாக் மட்டும் வைத்து அடியில் போகாதீர்கள், ஹாலோ பிளாக் கல்லும் வேண்டாம்.

முதலில் கியர்பாக்ஸ் ஜோடி. அதன் கிராஸ் மெம்பர் உங்கள் சேஸிஸின் துளைகளுக்கு நேராக வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் சேஸிஸில் புதுத் துளை போடுவதைவிட, கிராஸ் மெம்பரின் முனைகளில் தகடு சேர்த்து மாற்றுங்கள். துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ட்ரில் மட்டுமே. கேஸ் கட்டிங் சேஸிஸுக்கு அருகில் வரவே கூடாது. எஞ்சின் சாய்வு பழையபடியே இருக்க வேண்டும்.

பின் ஆக்சில் அதிகச் சிரமம் தராது. ஸ்பிரிங் தாங்கும் திண்டுகளுக்கு இடையிலான தூரம் உங்கள் ஸ்பிரிங்குகளோடு ஒத்துப்போனால் சென்டர் போல்ட் திண்டின் குழிக்குள் சரியாக உட்காரும். ஒத்துப்போகாவிட்டால் திண்டுகளை நகர்த்தி வெல்ட் செய்ய வேண்டும். ஆனால் அதை இப்போதே முழுதாக வெல்ட் செய்யாதீர்கள், புள்ளி மட்டும் வையுங்கள். காரணம், பினியன் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது வண்டியின் எடை முழுவதும் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

முன் ஆக்சிலில் பார்க்க வேண்டியவை அதிகம். இந்த ஜீப்புகளில் ஸ்பிரிங் ஆக்சிலுக்கு அடியில் ஓடும். உயரம் கூட்டும் ஆசையில் ஸ்பிரிங்கை மேலே ஏற்றிக் கட்டினால் ஷாஃப்ட் கோணமும் ஸ்டீயரிங் ராடின் கோணமும் ஒரே நேரத்தில் கெடும். கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கட்டும். கேஸ்டர் கோணம், அதாவது கிங் பின் பின்பக்கம் சாயும் கோணம், சுமார் 3 டிகிரி வர வேண்டும். வராவிட்டால் ஸ்பிரிங்குக்கும் திண்டுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம், அலுமினிய ஆப்பு நசுங்கிவிடும். டோ-இன் (முன் சக்கரங்களின் முன்முனை உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1 முதல் 2 மில்லிமீட்டர் போதும்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கக் கடைசி வரை திருப்பி, ஸ்பிரிங் முழுதாக நசுங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டிராக் லிங்க் எதிலாவது இடிக்கிறதா? டிஃபரன்ஷியல் எஞ்சின் சம்ப்பைத் தொடுகிறதா? பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா? மறுபக்கமும் அதேபோல் பாருங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பர் இடிப்பதற்கு முன்னால் வேறெதுவும் இடிக்கக் கூடாது. ஸ்டீயரிங் ராடின் நீளம் போதவில்லை என்றால் சரியான நீளத்தில் வாங்குங்கள். வெட்டி ஒட்டிய ஸ்டீயரிங் ராடில் நான் ஏற மாட்டேன், நீங்களும் ஏற வேண்டாம்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்

சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் தன் இடத்தில் அமர்ந்த பிறகு ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டில் தொங்கும்போது எடுத்த அளவு தவறாகத்தான் வரும். ஸ்லிப் ஜாயின்ட் தன் ஓட்டத்தின் நடுவில் நிற்கிற மாதிரி நீளம் வர வேண்டும். ஸ்பிரிங் அமுங்கும்போதும் விரியும்போதும் இரண்டு பக்கமும் இடம் வேண்டும் அல்லவா?

ட்ரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பது முக்கியம். மொபைலில் இருக்கும் லெவல் மானியே இதற்குப் போதும். இரண்டு கோணமும் சமமாக வந்த பிறகு, முன்பு புள்ளி வைத்த திண்டுகளை முழுதாக வெல்ட் செய்யலாம். ஆக்சில் குழாய் சூட்டில் வளையாமல் இருக்க, விட்டு விட்டு எதிரெதிர்ப் பக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெல்ட் போடுங்கள்.

ஷாஃப்ட்டை வெட்டி நீளம் மாற்றுவதை ஷாஃப்ட் வேலை மட்டுமே செய்யும் லேத் பட்டறையில் கொடுத்து, பேலன்ஸும் செய்து வாங்குங்கள். திரும்பி வந்ததும் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா பாருங்கள். ஒரு ஸ்ப்ளைன் தள்ளிப் பூட்டினாலே அதிரும். முன் ஷாஃப்ட் சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் போனால் குழாயை நகர்த்துங்கள்.

மீதி வேலைகள்

இந்த அமைப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஷாஃப்ட்டிலேயே இருக்கும், எனவே பழைய வண்டியிலிருந்து எடுத்த கேபிளும் லிவரும் இங்கேதான் தேவைப்படும். ஸ்பீடோமீட்டர் கேபிளும் ட்ரான்ஸ்ஃபரிலிருந்துதான். தரைத் தகட்டில் லிவர்களுக்கான துளையை நறுக்கென்று வெட்டி ரப்பர் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் சேறு நேராகக் காலில் தெறிக்கும். பிரேக் லைன்கள், வீல் சிலிண்டர்கள் அனைத்தும் புதிது. இரண்டு டிஃபரன்ஷியலிலும் 90 எண் கியர் ஆயில், கியர்பாக்ஸிலும் ட்ரான்ஸ்ஃபரிலும் தனித்தனித் துளை வழியாக அளவு பார்த்து ஊற்றுங்கள். ஆக்சில் பிரீதர் (காற்றுத் துளை) அடைத்திருந்தால் சீல் எத்தனை புதிதானாலும் ஆயில் வெளியே வரும். முன் ஹப்பில் லாக் ஹப் (வேண்டாதபோது சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டிலிருந்து பிரித்துவைக்கும் பூட்டு) போட்டால் சாலையில் முன் ஷாஃப்ட் வீணாகச் சுற்றாது, டீசலும் தேய்மானமும் மிச்சம்.

முதல் ஓட்டம்

நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஸ்டாண்டில் வைத்து, டூ வீலில் முதல் கியர். சத்தம், கசிவு, ஆட்டம் எதுவும் இல்லையென்றால் நிறுத்தி ஃபோர் வீல் போடுங்கள். மெதுவாக முதல் கியர், பிறகு ரிவர்ஸ். முன், பின் சக்கரங்கள் ஒரே திசையில் சுற்றுகின்றனவா? சிரிக்காதீர்கள், ஹவுசிங்கைத் தலைகீழாக மாட்டிய வண்டிகளும் உண்டு.

அடுத்து, ஈரமான மண் மைதானம். ஃபோர் வீலில் நேராக ஐம்பது மீட்டர் போய், லிவரை மறுபடி டூ வீலுக்குத் தள்ளுங்கள். எளிதாக வந்தால் விகிதம், டயர் எல்லாம் சரி. நேராக மட்டுமே போயும் லிவர் இறுகிப் பிடித்துக்கொண்டால், பல்லை மறுபடி எண்ணுங்கள். திருப்பத்தில் ஸ்டீயரிங் துடித்தால் அது சாதா கிராஸ் ஜாயின்ட்டின் குணம், பயப்பட வேண்டாம். திருப்பத்தில் டக் டக் என்று இரும்புச் சத்தம் வந்தால் ஜாயின்ட் போயிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஊளைச் சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் நின்றால் கிரவுன் பினியன் அமைப்பைப் பாருங்கள்.

தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள், மழை பெய்தாலும்கூட. ஒவ்வொரு திருப்பத்திலும் முன் ஆக்சில் பின் ஆக்சிலைவிடப் பெரிய வட்டம் போடுகிறது, அந்த வித்தியாசம் சறுக்க வழியில்லாமல் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். கெட்டித் தரையில் லிவர் பிடித்துக்கொண்டால் சுத்தியல் வேண்டாம், ரிவர்ஸில் கொஞ்ச தூரம் எடுங்கள், விட்டுவிடும்.

முதல் 100 கிலோமீட்டரில் எல்லா யு போல்ட்டையும், ஷாஃப்ட் போல்ட்டையும், கிராஸ் மெம்பர் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் எல்லா ஆயிலையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். வடித்த ஆயிலில் காந்தத்தைப் போட்டால் மெல்லிய சாம்பல் பசை ஒட்டும், அது வழக்கம்தான். துண்டாக ஏதாவது வந்தால் மூடியைத் திறந்து, எந்தப் பல்லிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகே வண்டியை எடுங்கள்.